மன்னார் வளைகுடாத் தீவுகளில் பாசி எடுப்பதை எப்படி ஒழுங்குபடுத்துவது?

கேள்வி: கடலோர ஆசிரியை

அனைவருக்கும் வணக்கம். இராமநாதபுரம் மாவட்டத்தின் கடலோரக் கிராமம் ஒன்றில் ஆசிரியையாகப் பணிபுரிகிறேன். என்னிடம் படிக்கும் பிள்ளைகளில் பலருடைய தாய்மார்கள், தீவுகளைச் சுற்றியுள்ள ஆழம் குறைந்த கடலில் மூழ்கிப் பாசி எடுத்துக் குடும்பம் நடத்துபவர்கள். அவர்கள் எடுக்கும் மரிக்கொழுந்து, கஞ்சிப்பாசி என்னும் பாசி வகைகள், கூழ்போல் உறையும் அகர் என்ற பொருளைத் தயாரிக்கும் ஆலைகளுக்குச் செல்கின்றன. கட்டக்கோரை என்ற பாசி, கெட்டிப்படுத்தப் பயன்படும் அல்ஜினேட் என்ற பொருளைத் தயாரிக்கப் பயன்படுகிறது. வியாபார நோக்கில் இத்தொழில் இங்கு 1960களிலிருந்தே நடந்து வருகிறது. 1986-இல் தூத்துக்குடிக்கும் இராமேசுவரத்துக்கும் இடைப்பட்ட 21 தீவுகளும் அவற்றைச் சூழ்ந்த கடலுமாக 560 சதுர கிலோமீட்டர் பரப்பு தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டது. அன்று முதல், தாயும் பாட்டியும் செய்துவந்த அதே வேலையைச் செய்யும் பெண்கள் சட்டத்தின் பார்வையில் அத்துமீறி நுழைபவர்களாகிவிட்டார்கள்.

நடைமுறையில் முழுத் தடையும் இல்லை, முழு அனுமதியும் இல்லை. சில மாதங்கள் எவரும் எதுவும் கேட்பதில்லை. சில நாட்களில் படகு திருப்பி அனுப்பப்படுகிறது, எடுத்த பாசி பறிபோகிறது. இந்த நிச்சயமின்மையால்தான் அவசரம் வருகிறது என்று பெண்கள் சொல்கிறார்கள். நாளைக்கு விடுவார்களா என்று தெரியாதபோது இன்றைக்கே முடிந்தவரை அள்ளிக்கொண்டு வரத்தான் தோன்றும்.

அடுத்த கிராம சபைக் கூட்டத்தில் ஒரு கோரிக்கை வைக்க விரும்புகிறார்கள். அதை எழுதித் தரும் பொறுப்பை என்னிடம் ஒப்படைத்திருக்கிறார்கள். தடையை அடியோடு நீக்க வேண்டும் என்று கேட்பதா, ஒழுங்குமுறைக்கு உட்பட்ட அனுமதியைக் கேட்பதா என்பதில் அவர்களுக்குள்ளேயே ஒருமித்த கருத்து இல்லை. எனக்கு இரண்டு செய்திகளில் தெளிவு வேண்டும். பாசி எடுப்பதால் பவளப்பாறைக்கும் அதை அண்டி வாழும் உயிர்களுக்கும் உண்மையில் எவ்வளவு கேடு நேர்கிறது? தேசியப் பூங்காவுக்குள் இத்தகைய பயன்பாட்டுக்குச் சட்டத்தில் ஏதேனும் இடம் உண்டா? கடலுக்குக் கேடு செய்யும் ஒரு கோரிக்கையை என் கையால் எழுத எனக்கு மனமில்லை. அந்தப் பெண்களைக் கைவிடவும் மனமில்லை. அறிந்தவர்கள் விளக்க வேண்டுகிறேன்.

பதில் 1: சட்ட மாணவன்

வணக்கம் அம்மா. சட்டத்தைப் பற்றி மட்டும் சொல்கிறேன். கடலைப் பற்றிச் சொல்ல என்னைவிடத் தகுதியானவர்கள் இங்கே இருக்கிறார்கள்.

1972-ஆம் ஆண்டின் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம், வாழிடத்தின் பகுதியாக உள்ள நீர்த்தாவரங்களையும் வன உயிரினம் என்ற வரையறைக்குள்ளேயே கொண்டுவருகிறது. ஆகவே பாசி தாவரந்தானே, அதற்கும் இச்சட்டத்துக்கும் என்ன தொடர்பு என்ற வாதம் நிற்காது. அதைக் கோரிக்கையில் எழுத வேண்டாம்.

அடுத்து, சரணாலயத்துக்கும் தேசியப் பூங்காவுக்கும் உள்ள வேறுபாடு முக்கியமானது. சரணாலயம் அமைக்கும்போது, அங்கே ஏற்கெனவே உள்ள மக்களின் உரிமைகள் தொடர்வதற்குப் பிரிவு 24(2)(இ)-இன்படி மாவட்ட ஆட்சியர் அனுமதிக்கலாம். தேசியப் பூங்காவைப் பற்றிய பிரிவு 35, இந்த ஒரு வாய்ப்பை மட்டும் பெயர் சொல்லியே விலக்கி வைத்திருக்கிறது. பிரிவு 35(6)-இன்படி, பூங்காவிலிருந்து எதையும் அகற்றுவது அங்குள்ள வன உயிரினங்களின் மேம்பாட்டுக்கும் நல்ல மேலாண்மைக்கும் தேவையானது என்று, தேசிய வன உயிரின வாரியத்தைக் கலந்து மாநில அரசு முடிவு செய்தால்தான் அனுமதி வழங்க முடியும். அவ்வாறு அகற்றப்படும் பொருள் சுற்றுப்புற மக்களின் சொந்தத் தேவைக்குப் பயன்படலாம். விற்பனைக்குப் பயன்படக் கூடாது. ஆலைக்கு விற்கும் பாசிக்கு இந்த வழி உதவாது.

ஆனால் இரண்டு வாய்ப்புகள் மீதமிருக்கின்றன. ஒன்று, 1991-ஆம் ஆண்டுத் திருத்தத்தில் சேர்க்கப்பட்ட பிரிவு 26அ. ஆட்சிக்குட்பட்ட கடற்பரப்பைப் பாதுகாக்கப்பட்ட பகுதியில் சேர்க்கும்போது, உள்ளூர் மீனவர்களின் தொழில் நலனைக் காக்கப் போதிய நடவடிக்கை எடுத்த பின்பே எல்லையை வகுக்க வேண்டும் என்று அது கூறுகிறது. மன்னார் வளைகுடாப் பூங்கா இந்தத் திருத்தத்துக்கு முன்பே அறிவிக்கப்பட்டது என்றாலும், கடல்சார் பூங்காக்களில் மீனவர் நலனைக் கருத வேண்டும் என்பது நாடாளுமன்றத்தின் நோக்கம் என்பதற்கு இது வலுவான சான்று. மற்றொன்று, 2006-ஆம் ஆண்டின் வன உரிமைச் சட்டம். அதில் வன நிலம் என்பது தேசியப் பூங்காக்களையும் உள்ளடக்கும். மீன் முதலிய நீர்நிலை விளைபொருள்கள் மீதான சமூக உரிமையும் வெளிப்படையாகச் சொல்லப்பட்டிருக்கிறது. அதன் விதிகள், வாழ்வாதாரத் தேவை என்பதில் மிகுதியாக உள்ள விளைபொருளை விற்பதையும் சேர்க்கின்றன. பழங்குடியினர் அல்லாதோர் மூன்று தலைமுறைகளாக, அதாவது 75 ஆண்டுகளாக, அந்நிலத்தைச் சார்ந்து வாழ்ந்ததைக் காட்ட வேண்டும் என்பதுதான் கடினமான நிபந்தனை. வியாபாரப் பாசித் தொழில் 1960களில் தொடங்கியது என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். எனவே அதற்கு முன்பே தீவுகளையும் அவற்றின் கடலையும் அக்குடும்பங்கள் மீன்பிடிப்புக்கும் பிற தேவைகளுக்கும் சார்ந்திருந்ததை, முதியவர்களின் வாக்குமூலங்கள் வழியாக நிறுவ வேண்டியிருக்கும்.

பதில் 2: பவளம் பயில்பவள்

கடலுயிரியல் படித்து, பவளப்பாறைகளைப் பற்றி ஆய்வு செய்பவள் என்ற முறையில் உங்கள் முதல் கேள்விக்கு விடை சொல்ல முயல்கிறேன். பாசி எடுத்தல் கேடா என்ற கேள்விக்கு, எந்தப் பாசி, எங்கே, எதைக் கொண்டு, எவ்வளவு இடைவெளியில் என்று கேட்காமல் விடை சொல்ல முடியாது.

மரிக்கொழுந்து மெதுவாக வளரும் பாசி. இறந்த பவளக் கற்களின் மீது பற்றிப் படர்ந்து வளர்கிறது. மேற்பகுதியைக் கையால் கிள்ளி எடுத்துவிட்டுப் பற்றுவேரைக் கல்லிலேயே விட்டுவிட்டால் அது மீண்டும் தழைக்கும். இரும்புத் தகட்டால் சுரண்டினால் பற்றுவேரும் போகிறது, அருகிலுள்ள இளம் பவளமும் உடைகிறது. ஒரே கடற்பரப்பில் ஒரே அளவு பாசி எடுத்த இரண்டு பெண்களில், ஒருவர் செய்த பாதிப்பு சில மாதங்களில் ஆறிவிடலாம். மற்றவர் செய்த பாதிப்பு ஆண்டுகள் கடந்தும் ஆறாமல் போகலாம். எடையை மட்டும் வைத்து உச்சவரம்பு விதிக்கும் எந்தத் திட்டமும் இந்த வேறுபாட்டைக் கவனிக்கத் தவறிவிடும். பாசி பறிக்கும் கையைவிட, உயிருள்ள பவளத்தின் மீது ஊன்றும் காலும் அங்கே போடும் நங்கூரமும் கூடுதலாகக் கெடுக்கும் இடங்களும் உண்டு.

பாசியும் பவளமும் இடத்துக்காகப் போட்டியிடுபவை. ஆகவே பாசியை எடுப்பது பவளத்துக்கு நல்லதுதானே என்று சிலர் வாதிடுகிறார்கள். அதில் ஓரளவு உண்மை இருக்கிறது. 2010-இலும் 2016-இலும் கடல் வெப்பம் மிகுந்து பவளங்கள் வெளிறி இறந்தன. அப்படி இறந்த பவளத்தின் மீது பாசி விரைவாகப் பரவி, புதிய பவளக் குஞ்சுகள் வந்து ஒட்டுவதைத் தடுக்கும். ஆனால் அங்கே பரவும் பாசியும் ஆலை விரும்பும் பாசியும் எப்போதும் ஒன்றாக இருப்பதில்லை. பவளப்பாறையில் பாசியை அளவோடு வைத்திருப்பவை ஓராவும் கிளிஞ்சானும் போன்ற மேயும் மீன்கள். அவற்றைப் பிடித்துத் தீர்த்துவிட்டுப் பாசி எடுப்பவர்களால் அந்த வேலை நடந்துவிடும் என்று எண்ணுவது தவறு. மேலும், கட்டக்கோரை அடர்ந்து வளரும் இடம் பல மீன்களின் குஞ்சுகளுக்கு ஒதுங்கிடமாக இருக்கிறது. அதைப் பருவம் பார்க்காமல் முழுவதுமாக அறுத்தால் அடுத்த ஆண்டு வலையில் விழவேண்டிய மீன் குறையும். அந்த இழப்பும் அதே குடும்பங்களுக்குத்தான் நேரும்.

கேடுகளை அவற்றின் அளவுப்படி வரிசைப்படுத்தினால் பாசி எடுத்தலை முதலிடத்தில் வைக்க முடியாது என்பதையும் சொல்லியாக வேண்டும். இந்த வளைகுடாவில் பூவரசன்பட்டி, விலாங்குசல்லி ஆகிய இரண்டு தீவுகள் கடலுக்குள் மூழ்கிப்போயின. சுண்ணாம்புக்காகவும் ஆலைகளுக்காகவும் பல ஆண்டுகள் பவளப்பாறையை வெட்டி எடுத்ததால் அலையைத் தடுக்கும் அரண் இல்லாமற் போனதே அதற்கு முதன்மையான காரணம். கரைந்துகொண்டிருந்த வான் தீவைக் காப்பாற்ற 2015 முதல் அதன் முன்னால் செயற்கைப் பாறைகளை இறக்க வேண்டியிருந்தது. கரையிலிருந்து மூன்று கடல் மைலுக்குள், கடலடியை வாரி இழுக்கும் வலையான இழுவைமடியைக் கொண்ட படகுகள் தொழில் செய்யக் கூடாது என்ற விதி 1983-ஆம் ஆண்டின் மாநிலச் சட்டத்தின்படி நடைமுறையில் இருந்தும் மீறப்படுகிறது. அந்த மடி கடற்புல் படுகையை ஒரே இழுப்பில் உழுதுவிடும். மூச்சை அடக்கி மூழ்கும் பெண்ணை மடக்குவது எளிது, பெரிய விசைப்படகை மடக்குவது கடினம் என்பதற்காகப் பாதுகாப்பின் கவனம் எளிய இடத்திலேயே நின்றுவிடக் கூடாது.

பதில் 3: தீவுக்காவல்

மேலே எழுதியவர்களின் அக்கறையை மதிக்கிறேன். இருப்பினும் என் கருத்து வேறு, கூச்சமின்றிச் சொல்லிவிடுகிறேன்.

மன்னார் வளைகுடா உயிர்க்கோளக் காப்பகத்தின் மொத்தப் பரப்பு 10,500 சதுர கிலோமீட்டர். அதில் பூங்கா 560 சதுர கிலோமீட்டர், அதாவது நூற்றுக்கு ஐந்து பங்கைச் சற்றே தாண்டும் அளவு. இந்த ஐந்து பங்கையாவது கைபடாமல் விட்டுவைக்க முடியாவிட்டால், எதைத்தான் பாதுகாக்கப் போகிறோம்? இங்கே பிறக்கும் மீன் குஞ்சும் பவளக் குஞ்சும்தான் வெளியேயுள்ள கடலுக்கும் போகின்றன. ஆவுளியா என்னும் கடற்பசு மேயும் கடற்புல்லும் இந்த ஆழமற்ற நீரில்தான் இருக்கிறது.

எனக்குள்ள பெரிய அச்சம் பாசி எடுக்கும் பெண்களைப் பற்றியதன்று. அவர்களுக்குப் பின்னால் நிற்கும் வணிகத்தைப் பற்றியது. கடல் அட்டை எப்படிச் சுரண்டப்பட்டது என்பதை இக்கடற்கரை பார்த்திருக்கிறது. ஏற்றுமதித் தேவை பெருகப் பெருகச் சிறிய அட்டைகளையும் விடாமல் எடுத்தார்கள். 2001-இல் அதை வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் சேர்த்து முழுத் தடை விதிக்க நேர்ந்தது. அதன் பிறகும் கடத்தல் நிற்கவில்லை. அனுமதிச் சீட்டு என்று ஒன்று வந்துவிட்டால், அதைக் காட்டி எத்தனை படகுகள் நுழையும்? எங்கோ ஓர் ஊரில் ஆலையின் தேவை இரட்டிப்பானால், மாதத்தில் 12 நாள் மட்டும் பாசி எடுப்பது என்று சில ஊர்ப் பெண்கள் வகுத்துக்கொண்ட வரம்பு 20 நாள் ஆகாது என்பதற்கு என்ன உறுதி? தடை என்பது முரட்டுத்தனமான கருவிதான். ஆனால் கண்காணிக்க ஆளில்லாத கடலில், எளிதாகச் சரிபார்க்கக்கூடிய ஒரே விதியும் அதுதான்.

இந்தக் குடும்பங்களுக்கு மாற்றுத் தொழில் தருவதுதான் நேர்மையான வழி என்பது என் கருத்து.

கடலோர ஆசிரியை

மூவருக்கும் நன்றி. தீவுக்காவல் ஐயா சொல்லும் ஐந்து பங்கு வாதம் என்னை மிகவும் சிந்திக்க வைத்தது. ஆனால் அந்த 560 சதுர கிலோமீட்டரும் கரையிலிருந்து படகில் எட்டக்கூடிய, மூச்சடக்கி மூழ்கக்கூடிய ஆழமுள்ள நீர் என்பதையும் கருத வேண்டும். மீதமுள்ள 95 பங்கில் பெரும்பகுதி இந்தப் பெண்களுக்குப் பயன்படாத ஆழ்கடல். அதனால் பரப்பின் அளவை மட்டும் பார்த்தால் அவர்கள் இழப்பது சிறிதாகத் தோன்றும். அவர்களைப் பொறுத்தவரை அதுதான் முழுக் கடலும்.

மாற்றுத் தொழில் என்றதும் எங்கள் பகுதியில் எல்லாரும் சொல்வது மூங்கில் மிதவையில் பாசி வளர்ப்பதைத்தான். அதைப் பற்றி நல்லதும் கெட்டதுமாகக் கேள்விப்படுகிறேன். அறிந்தவர் எவரேனும் சொல்ல முடியுமா?

பதில் 4: பாம்பன் மகன்

அம்மா, என் தாயும் பெரியம்மாவும் பாசி எடுத்தே எங்களைப் படிக்க வைத்தார்கள். விரல்களில் துணியைச் சுற்றிக்கொண்டு, கண்ணாடி அணிந்து, இடுப்பில் வலைப்பையைக் கட்டி நீரில் இறங்கும் வேலை அது. இதைச் சொல்வது இரக்கம் தேடுவதற்காக இல்லை. அவர்கள் எந்தக் கல்லில் எந்த மாதம் பாசி தழைக்கும் என்பதைத் துல்லியமாக அறிந்தவர்கள். அந்த அறிவு எந்த மேலாண்மைத் திட்டத்திலும் இடம்பெறவில்லை என்பதற்காகவே சொல்கிறேன்.

ஒழுங்குமுறை வேண்டும் என்று இங்கே பேசுகிறோம். சின்னப்பாலம் முதலான ஊர்களின் பெண்கள் அதை முன்பே தொடங்கிவிட்டார்கள். மாதத்தில் 12 நாட்கள் மட்டுமே பாசி எடுப்பது, இரும்புத் தகடு கொண்டு சுரண்டாமல் கையால் எடுப்பது, இழுவைமடிக்குத் தடையுள்ள காலத்தில் தாங்களும் கடலில் இறங்காமல் இருப்பது என்று தங்களுக்குள் விதி வகுத்துக்கொண்டார்கள். அந்தப் பெண்களை வழிநடத்திய சின்னப்பாலம் லட்சுமி மூர்த்திக்கு 2015-இல் சீகாலஜி என்ற பன்னாட்டு அமைப்பின் விருது வழங்கப்பட்டது. விருது வந்த பிறகும் அவ்விதிகளுக்குச் சட்டத்தின் துணை வரவில்லை. அதனால் விதியை மதிப்பவருக்கும் மதிக்காதவருக்கும் ஒரே நிலைதான். வேற்றூர்ப் படகு ஒன்று வந்து விதிமீறினால் இவர்கள் எவரிடம் போய் முறையிடுவது? முறையிடுபவரே சட்டப்படி குற்றவாளி அல்லவா? தீவுக்காவல் ஐயா கேட்கும் கண்காணிப்பாளர்கள் அந்தக் கடலிலேயே இருக்கிறார்கள். அவர்கள் வாய்திறக்க முடியாத நிலையில் வைக்கப்பட்டிருக்கிறார்கள்.

மிதவையைப் பற்றி: அதில் வளர்ப்பது காப்பாபைகஸ் என்ற வெளிநாட்டுப் பாசி. மண்டபத்திலுள்ள மத்திய அரசின் ஆய்வு நிறுவனம் அதைச் சோதனையாக வளர்த்தது. 2000-ஐ ஒட்டிய ஆண்டுகளில் பெப்சிகோ நிறுவனம் ஒப்பந்த முறையில் அதைப் பரப்பியது. பன்னிரண்டு அடிக்குப் பன்னிரண்டு அடி மூங்கில் சட்டத்தில் விதைப்பாசியைக் கட்டிவிட்டால் 45 நாட்களில் அறுவடை. மூழ்க வேண்டியதில்லை, கைகால் கிழிவதில்லை. வயதான பெண்களுக்கும் இயலும். இதெல்லாம் உண்மையான நன்மைகள். ஆனால் புயல் வந்தால் மிதவையே போய்விடும். 2013, 2014-ஆம் ஆண்டுகளில் வெப்பம் மிகுந்தபோது பயிர் பெருமளவில் அழுகிப்போய்ப் பல குடும்பங்கள் கடனாளியாயின. வாங்குபவர் ஓரிருவரே என்பதால் விலையையும் அவர்களே தீர்மானிக்கிறார்கள்.

பதில் 5: பவளம் பயில்பவள்

பாம்பன் மகன் சொன்னதோடு ஒன்றைச் சேர்க்க வேண்டும். குருசடைத் தீவின் உயிருள்ள பவளத்தின் மீது காப்பாபைகஸ் படர்ந்து அதை மூச்சுத்திணற வைத்திருப்பதை 2008-இல் ஆய்வாளர்கள் பதிவு செய்தார்கள். பின்னர் அருகிலுள்ள வேறு தீவுகளிலும் அது காணப்பட்டது. சிறு துண்டு உடைந்து விழுந்தாலும் புதிதாக வளர்ந்துவிடும் பாசி அது. கைகளால் பறித்து அகற்றினாலும் ஒட்டிய மிச்சம் மீண்டும் துளிர்க்கிறது. பாக் விரிகுடாவுக்கு வடக்கிலும் தூத்துக்குடிக்குத் தெற்கிலும் மட்டுமே அதை வளர்க்கலாம் என்று மாநில அரசு 2005-இலேயே ஆணையிட்டிருந்தது என்பதையும் நினைவிற்கொள்ள வேண்டும். பூங்காவின் பவளத்தைக் காப்பதற்காகப் பெண்களை உள்ளூர்ப் பாசியிலிருந்து விலக்கி, அதே பவளத்தைக் கொல்லக்கூடிய வெளிநாட்டுப் பாசியிடம் அனுப்பியதை வெற்றிகரமான மாற்றுத் தொழில் என்று என்னால் சொல்ல முடியாது. மிதவைதான் வேண்டும் என்றால், கஞ்சிப்பாசி போன்ற உள்ளூர் இனங்களைப் பூங்கா எல்லைக்கு வெளியே வளர்க்கும் முயற்சிக்கு உதவி கேளுங்கள். விளைச்சல் குறைவாகத்தான் இருக்கும். தப்பிப் பரவினாலும் அந்நிய இனம் ஒன்று பூங்காவுக்குள் புகுந்ததாக ஆகாது.

தீவுக்காவல் அவர்களின் அச்சத்துக்கு விடையாகக் கோரிக்கையிலேயே சிலவற்றைச் சேர்க்கலாம். உயிருள்ள பவளம் செழித்திருக்கும் தீவுகள் சிலவற்றை எவரும் எதையும் எடுக்காத பகுதியாக விட்டுவிட அப்பெண்களே முன்வரட்டும். அவற்றோடு ஒப்பிட்டால்தான் பாசி எடுக்கும் இடங்களில் உண்மையில் மாற்றம் நேர்கிறதா என்பது தெரியவரும். ஒப்பிட ஓரிடம் இல்லாமல் செய்யும் எந்த ஆய்வும் ஊகமாகவே முடியும். பாசி எடுத்த நாள், தீவு, பாசியின் வகை, ஈர எடை ஆகியவற்றை ஒவ்வொரு படகும் ஒரு நோட்டில் குறித்துவர வேண்டும். அதே நேரத்துக்கு, அதே எண்ணிக்கையிலான பெண்கள் எடுக்கும் எடை ஆண்டுதோறும் குறைந்துகொண்டே வந்தால், அந்தத் தீவை மூடுவதற்கு அதுவே போதிய அறிகுறி.

பதில் 6: தீவுக்காவல்

மூடப்பட்ட தீவுகளும், வேற்றூர்ப் படகுகளுக்கு இடமளிக்காத பதிவேடும், குறைந்தால் தானாகவே நிறுத்தும் விதியும் எழுத்தில் இருக்குமானால் என் எதிர்ப்பு பெருமளவு குறையும். தனிநபருக்கும் வியாபாரிக்கும் அனுமதிச் சீட்டு தருவதை இன்னமும் எதிர்க்கிறேன்; பெண்களின் கூட்டமைப்புக்கு ஒட்டுமொத்தமாகத் தருவதே சரியாகும்.

பதில் 7: சட்ட மாணவன்

தீவுக்காவல் ஐயா கேட்பது சட்டத்தோடும் பொருந்துகிறது. வன உரிமைச் சட்டத்தின் சமூக உரிமை, ஊர் கூட்டாகப் பெறும் உரிமை. அதோடு காட்டையும் வன உயிர்களையும் காக்கும் கடமையும் கிராம சபைக்கு வருகிறது. கர்நாடகத்தின் பிலிகிரிரங்கன் மலையில் புலிகள் காப்பகத்துக்குள் வாழும் சோலிகர்களுக்கு 2011-இல் இத்தகைய சமூக உரிமை அளிக்கப்பட்டது. தேனும் நெல்லியும் எடுப்பது அதில் அடங்கும். பாதுகாக்கப்பட்ட பகுதிக்குள் உரிமை வழங்கவே முடியாது என்று எவரேனும் கூறினால் இந்த முன்மாதிரியைக் காட்டுங்கள். அருகிலேயே வேறொரு முறையும் இருக்கிறது: பாக் விரிகுடாவில் 2022-இல் 448 சதுர கிலோமீட்டரில் அறிவிக்கப்பட்ட கடற்பசுக் காப்பகம், தேசியப் பூங்கா என்ற வகையில் அல்லாமல் பாதுகாப்புக் காப்பகம் என்ற வகையில் அமைந்தது. உள்ளூர் மக்களைக் கலந்து அறிவிப்பதும், ஊராட்சிப் பிரதிநிதிகளைக் கொண்ட மேலாண்மைக் குழு அமைப்பதும் அந்த வகையின் சட்டத் தேவைகள்.

கோரிக்கையை இரண்டாகப் பிரித்து எழுதுங்கள். முதலாவது, வன உரிமைக் குழுவை அமைத்துச் சமூக உரிமைக்கான மனுவை ஏற்கும்படி கிராம சபைக்கு. அங்கிருந்து அது கோட்ட அளவிலான குழுவுக்கும், பிறகு ஆட்சியர் தலைமையிலான மாவட்டக் குழுவுக்கும் செல்லும். இரண்டாவது, 12 நாள் விதி, கையால் எடுத்தல், தடைக்காலம், மூடிய தீவுகள், படகு நோட்டு ஆகியவற்றைக் கிராம சபையின் சொந்தத் தீர்மானமாக நிறைவேற்றுவது. உரிமைக்கான மனு முடிவாக ஆண்டுகள் ஆகலாம்; தீர்மானத்தை அன்றைக்கே நிறைவேற்றிவிடலாம், மனுவோடு இணைக்கவும் செய்யலாம். முதியவர்களின் வாக்குமூலங்களை இப்போதே எழுதத் தொடங்குங்கள். அவர்கள் சென்றுவந்த தீவுகளின் பெயரும், அங்கே எதற்காகத் தங்கினார்கள் என்பதும், அவர்களுடைய பெற்றோர் செய்த தொழிலும் அதில் தவறாமல் இடம்பெற வேண்டும்.